தலை மட்டும் தப்பிய கிளி

கழுத்துக்கு மேலே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. செதில் செதிலாகச் சாம்பல் இறகு, கறுத்த அலகு, வெளிர்மஞ்சள் கண். கழுத்துக்குக் கீழேயோ உரித்த கோழி. நெஞ்சில் வெறும் தோல். தொடையில் பஞ்சு போலக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூண்டுத் தரையில் கிடக்கும் இறகுகளைப் பொறுக்கிப் பார்த்தால் சிலவற்றின் அடித்தண்டு மெல்லப்பட்டு நசுங்கியிருக்கும். ஆப்பிரிக்கன் கிரே வளர்ப்பவர்களிலும் காக்கட்டூ வளர்ப்பவர்களிலும் இதைப் பார்த்துத் தவித்தவர்கள் ஏராளம்.

தலை தப்பியதற்குக் காரணம் எளிது: கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது. மருத்துவரும் முதலில் பார்ப்பது இதைத்தான். தலையிலும் இறகு போயிருந்தால் கூடவே இருக்கும் ஜோடி பிடுங்குகிறது, அல்லது உடம்பில் நோய் இருக்கிறது. சர்க்கோவைரஸால் வரும் அலகு–இறகு நோய் அப்படிப்பட்டது. மற்ற கிளிகளுக்கும் தொற்றும் என்பதால் நோயுற்ற பறவையை உடனே தனியே வைக்க வேண்டும். வழக்கமான இறகு உதிர்ப்பை நினைத்தும் பயப்பட வேண்டாம். அப்போது பழையது விழ விழப் புதிய குருத்து முளைக்கும், வழுக்கை விழாது.

தானே பிடுங்குகிறது என்று தெரிந்ததும் “தனியா இருக்கு, ஏங்கிப்போச்சு” என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடுகிறோம். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. தோலில் தொற்று, குடல் ஒட்டுண்ணி, கல்லீரல் கோளாறு என எதுவும் இதற்குப் பின்னால் இருக்கலாம். துத்தநாகம் பூசிய மலிவான கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்தே உடம்பில் நஞ்சேறும் கிளிகளும் உண்டு. எச்சம், ரத்தம், எக்ஸ்ரே மூன்றையும் பார்க்காமல் மனக்கோளாறு என்று பெயர் வைப்பது கிளிக்குச் செய்யும் அநியாயம்.

தீனியும் விசாரணைக்கு உரியது. சூரியகாந்தி விதை மட்டுமே தின்று வளரும் கிளிக்குக் கொழுப்பு மிகுதி, வைட்டமின் ஏ குறைவு, கால்சியமும் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறளும். முருங்கைக்கீரை, கேரட், மஞ்சள் பூசணி எல்லாம் நல்லவை. மிளகாயும் தரலாம், அதன் காரம் பறவைகளுக்கு உறைக்காது. அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு. ஆனால் விதையை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அறிமுகமில்லாத உணவைத் தொடாமல் பட்டினி கிடக்கும் பிடிவாதம் கிளிக்கு உண்டு.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் மனதுக்கு வருகிறோம். காட்டுக்கிளி ஒரு நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் இரை தேடுகிறது: பறக்கிறது, தேர்கிறது, உரிக்கிறது, உடைக்கிறது. கூண்டுக்கிளிக்கோ கிண்ணம் நிறையத் தீனி. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மீதிப் பொழுதுக்கு அந்த அலகு என்ன செய்யும்? கைக்கெட்டும் தூரத்தில், உரிக்க வசதியாக இருப்பது தன் இறகுதான். கிண்ணத்தை நிரப்பி வைப்பதை அன்பு என்று நினைக்கிறோம். என் கணக்கில் பாதிக் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

இது வெறும் ஊகமல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்து நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. தீனியைத் தேடி எடுக்கும்படி வைத்து, ஏறவும் கடிக்கவும் பொருள்கள் கொடுத்த கூண்டுகளில் பிடுங்கல் குறைந்தது. ஒன்றும் இல்லாத கூண்டில் பிடுங்கத் தொடங்கிய கிளிகளும் அதே வசதி கிடைத்தபின் தேறின. 2021-இல் 50 கிளியினங்களை ஒப்பிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: இயற்கையில் எந்த இனத்தின் உணவுக்கு உரித்தல், உடைத்தல் அதிகம் தேவையோ, கூண்டில் அந்த இனமே இறகை அதிகம் சேதப்படுத்துகிறது.

ஆகவே தீனியை ஒளித்து வையுங்கள். சோளக்கதிரை மடலோடு தொங்கவிடலாம். கடலையை வெள்ளைத்தாளில் சுற்றி முறுக்கி, துளையிட்ட கொட்டாங்குச்சிக்குள் செருகலாம். முதல் தடவை கிளி அதைச் சந்தேகமாகப் பார்த்து ஒதுங்கும். அதன் கண்முன்னே ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினால் போதும், அப்புறம் தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பனை ஓலை, வேப்பங்குச்சி, பழைய அட்டைப்பெட்டி எதுவானாலும் சரி. கடைப் பொம்மைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் கூண்டு வைத்தால் கிடைக்காது. வெதுவெதுப்பான தண்ணீரை அவ்வப்போது தெளித்தால் தானாக இறகு கோதும். முதுகையும் இறக்கையின் அடியையும் தடவாதீர்கள். அது இனச்சேர்க்கை உணர்வைத் தூண்டிப் பிடுங்கலைக் கூட்டலாம். பிடுங்கும்போது ஓடிவந்து அதட்டினால், “இப்படிச் செய்தால் ஆள் வருவார்” என்றே கிளி கற்றுக்கொள்ளும். வேப்பெண்ணெய், மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு உடம்புச் சூட்டைக் காக்காது. கோதும்போது எல்லாம் வயிற்றுக்குள் போகும். மனநல மருந்துகளும் உண்டு. காக்கட்டூகளுக்குக் குளோமிப்ரமின் கொடுத்துச் சோதித்ததில் பலன் தெரிந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. அதை எழுதித் தர வேண்டியவர் பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்.

இங்கே சொன்னதெல்லாம் வெளிநாட்டு இனக் கிளிகளுக்கு. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்கன் கிரே போன்ற, அச்சட்டத்தில் பட்டியலிட்ட வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எல்லாம் செய்தும் இறகு திரும்பாமல் போகலாம். நெடுநாள் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழியே கெட்டுவிடும். நன்றாகத் தின்று விளையாடுகிற கிளி வழுக்கையாக இருந்தால் இருக்கட்டும். ஆனால் இறகோடு நிற்காமல் தோலையே கிழித்து ரத்தம் வரவழைத்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.