திருப்பிக் கொடாத ஏடு



கல்வி ஒளி தருவது என்பது நம்மிடையே வழிவழி வந்த நம்பிக்கை. விஜயதசமியன்று ஏடு தொடக்கும் குழந்தைக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால், அந்த ஒளியோடு ஒரு நிழலும் சேர்ந்து வருகிறது என்று சொல்லும் கதைமரபொன்று ஆங்கிலத்தில் உண்டு. பழைய கல்லூரிக் கட்டடங்கள், நூலகங்கள், கையெழுத்துப் பிரதிகள், அவற்றில் மூழ்கிக் கிடக்கும் அறிஞர்கள், அவர்களை அறிவு வேட்கை இழுத்துச் செல்லும் ஆபத்து ஆகியனவே அக்கதைகளின் பொருள். 2010களின் நடுப்பகுதியிலிருந்து இளைய வாசகர்கள் இதனை 'டார்க் அக்கடேமியா' என்று பெயரிட்டு அழைத்து வருகின்றனர். 'இருள்சூழ் கல்விச்சாலைக் கதைகள்' என்று நாம் தமிழிற் சொல்லலாம்.

1992இல் வெளிவந்த டொனா டார்ட்டின் 'த சீக்ரெட் ஹிஸ்டரி' என்ற நாவலை இவ்வகையின் மூலநூலாகப் பலர் கொள்வர். கிரேக்க இலக்கியம் பயிலும் ஒரு சிறு மாணவர் குழு, தம்முள் ஒருவனையே கொலைசெய்யும் கதை அது. ஆயினும் பெயர் புதிதேயன்றிப் பொருள் பழையது. சிறுகதையைப் பொறுத்தவரை நாம் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் சென்று, எம். ஆர். ஜேம்ஸ் என்பவரைச் சந்திக்க வேண்டும்.

1862இற் பிறந்த ஜேம்ஸ், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியிற் கற்று, அங்கேயே ஆய்வாளராகி, 1905 முதல் 1918 வரை அதன் தலைவராக விளங்கியவர். பின்னர் 1936இல் இறக்கும்வரை ஈட்டன் கல்லூரியின் தலைவர். கேம்பிறிட்ஜ் கல்லூரிகளிற் கிடந்த மத்தியகாலக் கையெழுத்துப் பிரதிகளுக்கு விவரப்பட்டியல் தயாரித்ததே அவருடைய வாழ்நாட் பணி. பேய்க்கதை எழுதுவது அவருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. நத்தாருக்கு முந்திய இரவு நண்பர்கள் அவரது அறையிற் கூடுவார்கள். அவர் புதிதாக எழுதிய தாள்களோடு உள்ளிருந்து வருவார். ஒரு மெழுகுதிரியை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துவிட்டு வாசிப்பார். கண்ணால் வாசிக்கப்படுவதற்கு முன்னர் காதாற் கேட்கப்பட்ட கதைகள் இவை. வானொலிக்குப் பழகிய நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

அவர் 1893இல் நண்பர் கழகமொன்றில் வாசித்த முதற் கதைகளுள் ஒன்று, 'கனன் அல்பெரிக்கின் ஒட்டுப்புத்தகம்'. கேம்பிறிட்ஜைச் சேர்ந்த டெனிஸ்டன் என்பவர் பிரான்சின் பிரனீஸ் மலைப்பகுதியிலுள்ள பழைய தேவாலயமொன்றைப் பார்க்கப் போகிறார். அங்குள்ள முதிய பணியாளர் தம் வீட்டிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறார். விலைமதிப்பற்ற பழம் பிரதிகளிலிருந்து வெட்டியெடுத்த பக்கங்கள் அதில் ஒட்டப்பட்டிருக்கின்றன. தேவாலய நூலகத்தைக் கொள்ளையிட்டு அல்பெரிக் என்ற குருவானவர் முன்னொரு காலத்திற் சேர்த்தவை அவை. கிழவர் கேட்ட விலை 250 பிராங்குகள். இதன் பெறுமதி மிகமிக அதிகம் என்று டெனிஸ்டன் நேர்மையாகச் சொல்லியும், அதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம் என்கிறார். விற்றதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறக்கிறது. அவர் செய்தது வியாபாரமல்ல, சுமையிறக்கம். அன்றிரவு அந்தப் புத்தகத்தோடு தொடர்புடைய ஒன்று டெனிஸ்டனின் அறைக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு கதையில், பேய் பிசாசுகளை அறவே நம்பாத இளம் பேராசிரியரொருவர், கடற்கரையோரப் பழங்கட்டட இடிபாட்டில் ஒரு வெண்கல விசிலைக் கண்டெடுக்கிறார். வருபவன் யார் என்று கேட்கும் இலத்தீன் வாசகமொன்று அதிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் ஊதிப் பார்க்கிறார். அவரது அறையில் ஆளில்லாத இரண்டாவது கட்டிலொன்று உண்டு. அதன் படுக்கைவிரிப்பே எழுந்து அவரை நோக்கி வருகிறது.

மூன்றாவது கதையில் நூலகமே களமாகிறது. கார்ஸ்வெல் என்பவரின் கட்டுரை ஓர் அறிஞர் சங்கத்தால் நிராகரிக்கப்படுகிறது. அதைப் பரிசீலித்து மறுத்தவர் டன்னிங். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கையெழுத்துப் பிரதி அறையில், டன்னிங் தவறவிட்ட தாள்களை ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார். கொடுத்தவர் கார்ஸ்வெல்லே என்பதைப் பின்னரே டன்னிங் அறிகிறார். அத்தாள்களிடையே மந்திர எழுத்துகள் வரைந்த சிறு துண்டொன்று இருக்கிறது. அதைப் பெற்றவருக்கு மரணம் நிச்சயம். தப்பும் வழி ஒன்றே: கொடுத்தவர் கையாலேயே அதை மீண்டும் வாங்கச் செய்ய வேண்டும். 1957இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஜேம்ஸின் கதைகளில் நம்மை அச்சுறுத்துவது பேயன்று, கடன். ஒருவர் தமக்கு உரியதல்லாத ஒன்றை அறிவின் பெயரால் எடுத்துக் கொள்கிறார். எடுத்த பொருளோடு அதற்குரியவரும் கூடவே வருகிறார். தமது கதைமாந்தரை ஜேம்ஸ் கொடியவர்களாகப் படைக்கவில்லை. பெரும்பாலும் நல்லவர்கள், படித்தவர்கள், சற்றே ஆவல் மிகுந்தவர்கள். அதனாலேதான் கதை நம் நெஞ்சைத் தொடுகிறது.

அவரது உத்தியும் குறிப்பிடத்தக்கது. கதையின் பெரும்பகுதி ஆய்வறிக்கைபோல் நடக்கும். ஆண்டு, இடம், பிரதியின் பக்க அமைப்பு என்று பட்டியலாளரின் நிதானத்தோடு சொல்லிக்கொண்டு போவார். அந்த நிதானத்தை நாம் நம்பத் தொடங்கிய பின்னர் ஒரு கை, ஒரு நிழல், ஒரு துணிச்சுருக்கம் என மிகச் சிறிதே காட்டுவார். குறையும் உண்டு. அவரது உலகம் குறுகியது. பெண்களுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. வேலையாட்கள் செய்தி சொல்லிவிட்டுப் போகிறவர்கள். மனித மனத்தின் ஆழங்களைத் தேடிச் செல்பவர்களுக்கு இக்கதைகள் போதா. ஆனால், படித்தவன் மனச்சாட்சியின் ஒரு மூலையை இவ்வளவு துல்லியமாகக் காட்டியவர் சிலரே.

அந்த மூலை எனக்குத் தெரியும். இதைச் சொல்லாமல் இவ்வுரையை முடிப்பது நேர்மையாகாது.

2003இல், பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது, எங்கள் ஊரிலிருந்த ஓய்வுபெற்ற பண்டிதர் ஒருவரிடம் கந்தபுராணத்திற் சில ஐயங்கள் கேட்கப் போவேன். ஒருநாள் தாம் எழுதிய குறிப்புகள் நிறைந்த சீ.ஆர். கொப்பியொன்றைத் தந்தார். "தம்பி, கொண்டுபோய் வாசியும். ஆறுதலாக் கொண்டுவந்து தாரும்" என்றார். நான் மிகவும் ஆறுதலாகவே இருந்துவிட்டேன். அடுத்த ஆண்டு அவர் காலமானார். கொப்பி என் அலுமாரியில் இருந்தது. பின்னர் ஆசிரியனாகி, அதிலிருந்த விளக்கங்களை வகுப்பிற் சொன்னேன். மாணவர்கள் வியந்தார்கள். ஒருநாள் ஒருவன், "சேர், இந்த விளக்கம் எந்தப் புத்தகத்தில கிடக்கு?" என்று கேட்டான். "அது நான் யோசிச்சது" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு என் அறைக்கு எந்த உருவமும் வரவில்லை. ஆனால், அதன் பின்னர் அலுமாரியைத் திறக்கும் போதெல்லாம் அந்தக் கொப்பி இருந்த தட்டைப் பாராமல் வேறு தட்டுகளையே பார்த்தேன். இந்த உரைக்காக ஜேம்ஸை மீண்டும் வாசித்தபோதுதான், நான் எந்தக் கதையினுள் வாழ்ந்து கொண்டிருக்கிறேன் என்பது விளங்கிற்று.

ஜேம்ஸ் தம் கடனைத் தீர்த்த விதமும் அறியத்தக்கது. அவரது முதற் கதைத்தொகுதி 1904இல் வெளிவந்தது. அதற்குப் படம் வரைந்தவர் அவருடைய இளம் நண்பர் ஜேம்ஸ் மக்பிரைட். நான்கு படங்கள் முடிந்த நிலையில் மக்பிரைட் இறந்துபோனார். வேறொருவரைக் கொண்டு எஞ்சிய படங்களை வரைவிக்க ஜேம்ஸ் இசையவில்லை. அந்த நான்கு படங்களோடேயே நூல் வந்தது. மக்பிரைட் எழுதி வைத்திருந்த கதையொன்றையும் அதே ஆண்டில் அச்சிடுவித்தார். நண்பருடைய மகளுக்குப் பாதுகாவலராகவும் இருந்தார்.

நானும் கொப்பியை எடுத்துக்கொண்டு பண்டிதரின் மகளிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதற் பக்கத்தைத் தடவிப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்னர், "தம்பி, இதை வச்சு நான் என்ன செய்யிறது? பிள்ளையளுக்குப் படிப்பியுங்கோ. ஆனா அப்பாவின்ர பேரைச் சொல்லுங்கோ" என்றார். வானொலியிலும் பத்திரிகையிலும் சொல்லலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம். பிள்ளையளுக்குச் சொன்னாக் காணும்" என்றார்.

ஆதலால் அப்பெயர் இங்கே இடம்பெறவில்லை. மறுநாள் உயர்தர வகுப்பிற் கரும்பலகையில் முதலில் எழுதியது அந்தப் பெயரைத்தான். கேள்வி கேட்ட மாணவன் இப்போது எங்கள் கல்லூரியில் இல்லை. அவனுக்குக் கடிதம் எழுத வேண்டும்; அது இன்னும் பாக்கி.