அரைவாசி அறை, முழுப் பாரம்

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். ஆனால் முகத்துவாரத்தில் மணல் ஏறிவிடுவதால் பெரிய கப்பல் உள்ளே வராது. அதனால் நமக்குத் தெரிந்த சல்லிக்கல், டிப்பரில் வந்து வீதியோரம் குவிவதுதான். அதே கல் கடலிலும் போகிறது. மாலைதீவு பவளத் தீவுகளின் நாடு. உடைப்பதற்கு அங்கே கருங்கல் இல்லை. 2024-25இல் மட்டும் பத்து இலட்சம் தொன் சல்லியை அங்கே அனுப்ப இந்தியா அனுமதி கொடுத்தது. அது கப்பலில் எப்படிப் பத்திரமாகப் போகிறது என்று தேத்தண்ணி ஆறுமுன் பார்ப்போம்.

நாம் சொல்லும் ஒரு கியூப், 100 கன அடி. அவ்வளவு நெல் இரண்டு தொன்னுக்குள் அடங்கும். அவ்வளவு சல்லியோ நாலு தொன் வரும். ஆகவே சரக்கு அறை ஏறத்தாழப் பாதி நிரம்பும்போதே கப்பல் தாங்கும் பாரம் முடிந்துவிடும். இடம் கிடக்கிறதே என்று கண்ணால் பார்த்து ஏற்றக் கூடாது. கப்பலின் முன், நடு, பின் என இரு பக்கமும் எழுதியிருக்கும் ஆழ எண்களை ஏற்றுமுன்னும் பின்னும் வாசித்து, கப்பல் எவ்வளவு தாழ்ந்தது என்பதிலிருந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். அறையின் தரை ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை தொன் தாங்கும் என்ற வரம்பும் உண்டு.

இனி, அநேகமாக எல்லோரும் நம்பும் ஒன்றுக்கு வருவோம்: பாரம் அடியில் கிடந்தால் கப்பல் ஆடாது என்பது. கவிழ்வது கடினம், அது மெய். ஆனால் ஆட்டம் குறையாது. தலையாட்டிப் பொம்மையைச் சரித்து விட்டுப் பாருங்கள். அடி கனத்ததால்தான் அது வெடுக்கென்று நிமிர்கிறது. கல் ஏற்றிய கப்பலும் ஒவ்வொரு அலைக்கும் அப்படி வெட்டி வெட்டி ஆடும். அந்த உதறலில் கூம்பாகக் குவித்த கல் ஒரு பக்கம் சரியும். கப்பல் நிமிர்ந்தாலும் சரிந்த கல் தானாகத் திரும்பி வராது. கப்பல் சாய்ந்தே நிற்க, அடுத்த அலை இன்னும் கொஞ்சத்தைத் தள்ளும்.

இதனால்தான் ஏற்றி முடிந்ததும் கூம்பை உடைத்து, சுவருக்குச் சுவர் மட்டமாகப் பரப்புகிறார்கள். நேரமும் கூலியும் போகும் வேலைதான். ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

திண்மச் சரக்குகளுக்கான சர்வதேச விதிக்கோவை 2011 ஜனவரி 1 முதல் கட்டாயமாக இருக்கிறது. அதில் சல்லி போன்ற கற்சில்லுகள் ‘சி’ பிரிவில் வருகின்றன: ஈரத்தால் கூழாகாதவை, இரசாயன ஆபத்தும் இல்லாதவை. ஆனால் கல்லோடு தூசி அதிகம் சேர்ந்து, மழையிலும் நனைந்திருந்தால் ‘சி’ பிரிவு என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. நனைந்த நுண்துகள் கடலின் அதிர்வில் குழம்புபோல் ஓடக்கூடும். அறையின் நீர் வடியும் குழியையும் தூசி அடைத்துவிடும்; அதனால் அதன் வாயைச் சாக்குத் துணியால் மூடிவிடுகிறார்கள்.

கல்லின் அளவு, அடர்த்தி, ஈரம் எல்லாவற்றையும் சரக்கை அனுப்புகிறவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடதாசி கையில் வரும்வரை கப்டன் ஏற்றலைத் தொடங்கவிடக் கூடாது.