வண்ணப்படத்தின் பாரமும் வாடிக்கையாளரின் பொறுமையும்

சென்ற யாத்திரைக் காலத்தில் ஒரு நாள் பிற்பகல், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பேருந்தில் நாம் சன்னலோரம் அமர்ந்திருந்தோம். அடுத்த ஆசனத்தில் வவுனியாவிலிருந்து சிவனொளிபாதமலைக்குக் குடும்பத்துடன் வந்திருந்த ஒருவர், அன்றிரவு தங்குவதற்கு அறை தேடித் தம் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். நோர்வூட்டைத் தாண்டியதும் ஒரு விடுதியின் இணையத்தளத்தைத் திறந்தார். வெறுந்திரையில் சிறு வளையமொன்று சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. "இது சரிவராது" என்று முணுமுணுத்தவாறு அதை மூடிவிட்டு வேறொன்றைத் திறந்தார்.

மூடப்பட்ட தளத்தின் பெயரை நாம் கவனித்துவிட்டோம். அது எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவருடைய விடுதி. விடுதி என்று சொன்னாலும் மூன்றே அறைகள்தாம். தோட்டத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற தந்தையாரின் சேமலாப நிதியைக் கொண்டு கட்டியது. டிசம்பர்ப் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரையுள்ள யாத்திரைக் காலத்தில் அந்த மூன்று அறைகளும் நிறைந்தால்தான் எஞ்சிய மாதங்களுக்கு அடுப்பெரியும். அன்று மாலை நாம் அங்கே சென்றபோது, ஓர் அறையில்தான் ஆள் இருந்தது.

"தளத்துக்கு ஆள் வருவதே குறைவு, சேர். விளம்பரத்துக்குக் காசு கட்டலாமா என்று யோசிக்கிறேன்" என்றார் மாணாக்கர். வந்தவர் வாசலிலேயே திரும்பிப் போனதை நாம் கண்ணாற் கண்டோம் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

கூகிள் நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, கைத்தொலைபேசியில் ஒரு பக்கம் திறக்க மூன்று விநாடிக்கு மேற்சென்றால் நூற்றுக்கு 53 வருகைகள் கைவிடப்படுகின்றன என்று கூறிற்று. இதைவிட எமக்குச் சுவையாகத் தோன்றுவது யூடியூப்பில் நடந்த ஒரு கதை. 2009 ஆம் ஆண்டளவில் அங்கே பொறியியலாளராக இருந்த கிறிஸ் சக்கரியாஸ் என்பார், காணொளி பார்க்கும் பக்கம் 1.2 மெகாபைற்று எடையுள்ளதாய் இருப்பதைக் கண்டு மனம் பொறாமல், அதனை 98 கிலோபைற்றாகக் குறைத்தார். பின்னர்க் கணக்கெடுத்துப் பார்த்தால், சராசரித் தாமதம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது! காரணம் யாதெனில், தென்கிழக்கு ஆசியா, ஆபிரிக்கா, சைபீரியா முதலிய இடங்களில், இணைப்பு மெலிந்திருந்தமையால் முன்பு அந்தப் பக்கத்தைத் திறக்கவே இயலாதிருந்தவர்கள் முதன்முறையாக உள்ளே வந்துவிட்டனர். அவர்களுக்கு அப்போதும் இரண்டு நிமிடம் பிடித்தது. ஆயினும் பார்க்க முடிந்தது. வர முடியாதவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மலை மடிப்புக்களுக்கிடையே அலை வருவதும் போவதுமாயிருக்கும் எம் மலையகத்துக்கு இக்கதை மிகப் பொருந்தும் அன்றோ?

மாணாக்கரின் தங்கை உயர்தர வகுப்பில் பயில்பவள். கணினியின் முன் அவளையே அமர்த்தினோம். கூகிள் இலவசமாக வழங்கும் பேஜ்ஸ்பீட் என்னும் சோதனைக் கருவியில் தளத்தின் முகவரியைக் கொடுத்ததும், குற்றப்பத்திரம் வாசித்ததுபோல் குறைகள் வரிசையாக வந்தன. முதற்குற்றவாளிகள் புகைப்படங்கள். தொலைபேசியில் எடுத்த எட்டுப் படங்களை எடுத்தபடியே ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மெகாபைற்று. எட்டும் சேர்ந்து 32. விநாடிக்கு 2 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பில் இவை முழுவதும் வந்துசேர இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். அந்தப் படங்களில் ஒன்று, அகலத்தில் 4000 புள்ளியும் உயரத்தில் 3000 புள்ளியும் கொண்டது. ஆக 120 இலட்சம் புள்ளிகள். பார்ப்பவரின் தொலைபேசித் திரையோ அகலத்தில் 1080 புள்ளி அளவினது. படத்தை அந்த அகலத்துக்குச் சுருக்கினால் புள்ளிகள் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த தந்தையார், "பச்சைக் கொழுந்த அப்படியே மூட்டை கட்டிக் கொழும்புக்கு ஏத்தின மாதிரியில்ல இருக்கு!" என்றார். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்து ஒரு கிலோ தேயிலையாவதை நாளெல்லாம் பார்த்தவர் அவர். எமது வகுப்பறை விளக்கம் எதுவும் இத்துணைத் தெளிவாக இருந்ததில்லை.

அந்தப் பெண் படங்களைச் சுருக்கி, 2010 ஆம் ஆண்டில் கூகிள் அறிமுகப்படுத்திய வெப்பி என்னும் வடிவத்துக்கு மாற்றினாள். ஒவ்வொன்றும் 120 கிலோபைற்றளவில் நின்றது. எட்டும் சேர்ந்து ஒரு மெகாபைற்றுக்குள் அடங்கின. போதாததற்கு, பக்கத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள படங்கள் பார்ப்பவர் அங்கே இறங்கி வரும்போது மாத்திரம் வரும்படி ஒரு சொல்லை நிரலிற் சேர்த்தாள். படம் ஒவ்வொன்றுக்கும் நீள அகலத்தை முன்கூட்டியே எழுதியும் வைத்தாள். அவ்வாறு எழுதாவிடில், படம் பிந்தி வரும்போது எழுத்தெல்லாம் கீழே துள்ளும். ஒன்றைத் தொடப் போன விரல் மற்றொன்றைத் தொட்டுவிடும்.

அடுத்து வந்தது தமிழுக்கே உரிய ஒரு தொல்லை. அறை வாடகை, உணவு விபரம், மலையேறும் நேரம் யாவும் ஒரே அறிவித்தலாக, எழுத்தாக அன்றிப் படமாக, 700 கிலோபைற்றுப் பாரத்துடன் கிடந்தன. ஏன் என்று வினவினோம். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து கொடுத்தார்களாம். அதைத் தளத்தில் இட்டால், பாமினி இல்லாத தொலைபேசியில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாய்த் தோன்றும். ஆதலால் படமாக்கிவிட்டனர். எம் நாட்டுத் தமிழ்த் தளங்கள் பலவற்றில் இக்காட்சியைக் காணலாம். ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடம் பிடிக்கும். மலை என்னும் சொல்லில் மகரம், லகரம், ஐகாரக் குறி என மூன்று. ஆக ஒன்பது பைற்று. தமிழ் இடம் அதிகம் பிடிக்கும் மொழி என்று இதைக்கொண்டு சிலர் குறை சொல்வதுண்டு. சொல்லட்டும். 250 சொற்கள் கொண்ட அந்த அறிவித்தல் முழுவதும் ஒருங்குறியில் ஏழு கிலோபைற்றைத் தாண்டவில்லை. படத்தின் எடையில் நூறில் ஒரு பங்கு! எழுத்தாக இருந்தால் தேடுபொறியும் அதைப் படிக்கும். பார்வையற்றவர்க்குத் தொலைபேசி வாசித்தும் காட்டும். பெண் அரை மணி நேரத்தில் முழுவதையும் மீளத் தட்டச்சிட்டாள். அச்சகத்துப் பிழைகள் இரண்டும் அப்போது திருந்தின.

தளம் இருந்த கணினி அமெரிக்காவில். கண்ணாடி இழையினூடே ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். 14,000 கிலோமீற்றர் போய்த் திரும்ப, வேறு தடை எதுவும் இல்லாவிடினும், விநாடியில் ஏழில் ஒரு பங்கு செல்லும். பக்கம் திறக்குமுன் விலாசம் கேட்டு, கைகுலுக்கி, பாதுகாப்பை உறுதிசெய்து எனப் பலமுறை பேச்சுவார்த்தை நடப்பதால் அரை விநாடி வழியிலேயே போய்விடும். இதற்குப் பரிகாரம், தளத்தின் பிரதிகளை சிங்கப்பூர், சென்னை போன்ற அண்மை நகரங்களில் வைத்து வழங்கும் சேவைகள். சிறு தளங்களுக்கு இலவசமாகவே கிடைப்பவையும் உண்டு.

சண்டை வந்தது ஒரே இடத்தில்தான். முகப்பில் தானாக ஓடும் சூரியோதயக் காணொளியை நீக்க மாணாக்கர் இணங்கவில்லை. "மலையைக் காட்டாவிட்டால் ஆர் வருவார்கள், சேர்?" என்றார். அவர் கட்சியிலும் நியாயம் இருந்தது. முடிவில், அதிலிருந்து ஒரு படத்தை மாத்திரம் நிறுத்தி, விரும்பியவர் தொட்டால் ஓடும்படி அமைத்தோம். நகரும் எழுத்துப் பட்டையும், தானாகத் திறக்கும் உரையாடற் பெட்டியும் எதிர்ப்பின்றி விடைபெற்றன.

இத்தனையும் முடியும்வரை பேசாதிருந்த தாயார், தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, "நம்ம போன் நம்பர் எங்க தம்பி?" என்று மகனைக் கேட்டார். அது பக்கத்தின் அடியில், எட்டாவது படத்துக்கும் கீழே இருந்தது. எழுத்து முதலில் வரும், படம் பின்னர் வரும். ஆகவே இலக்கத்தைத் தலைப்பின் கீழே, தொட்டால் அழைப்புப் போகும்படி வைத்தாள் பெண். அலை மெலிந்த இடத்தில் படம் ஒன்றுகூட வராவிட்டாலும் அந்த இலக்கம் வந்துவிடும். மறுநாட்காலை மஸ்கெலியாவுக்கு இறங்கும் பேருந்தில் நாமே திறந்து பார்த்தோம். மலை வரவில்லை, இலக்கம் வந்திருந்தது.