திரையில் மணி மாறினால் நேரம் பிசகுமா?

கீரிக் கடற்கரையில் நிற்கும் இருவரில் ஒருவரின் கைத்தொலைபேசி 18:15 என்கிறது, மற்றவருடையது பி.ப. 6:15 என்கிறது. எழுத்தளவு, நிறம், 12 மணியா 24 மணியா என்பதை எத்தனை முறை மாற்றினாலும் நேரம் பிசகுவதில்லை. ஏன்?

கைத்தொலைபேசி உள்ளே மணி, நிமிடம் என்று கணக்கு வைப்பதில்லை. உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கழிந்த விநாடிகளையே எண்ணுகிறது. அதோடு நேர வலய விதியைச் சேர்த்துத் திரையில் காட்டுகிறது. இலங்கைக்கு அந்த விதி, ஐந்தரை மணி கூட்டல்.

விதியும் மாறியதுண்டு. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க 1996 மே மாதம் இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன. ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தன. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய நேரமே நடந்தது. 2006 ஏப்ரலில் மற்றப் பகுதிகளும் ஐந்தரைக்குத் திரும்பியபோது, புது விதி ஏற்றப்படாத கணினிகள் அரை மணி முந்திக் காட்டின.

ஆகவே மணி பிழையாகத் தெரிந்தால், முதலில் நேர வலயம் கொழும்பா என்று பாருங்கள். வலயம் தவறாக இருக்க மணியைத் திருத்தினால், சரியாக ஓடும் விநாடிக் கணக்கே கெட்டுவிடும்.