அடுத்த வருட ஆர்டருக்கும் இடமுள்ள தீர்வு

பெங்களூரு நீலசந்திராவில் ஒருவர் அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி வாங்கிய கம்பெனி ஆறு லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. கேட்டால், "பாதிப் பெட்டி ஈரம், உள்ளே இருந்த சரக்கு நசுங்கிவிட்டது" என்கிறது. வழக்குப் போட்டால் பணம் என்றாவது வரலாம். வாடிக்கை அன்றோடு போய்விடும். சிறுதொழில்காரருக்கு ஆறு லட்சத்தைவிடப் பெரிய பயம் அதுதான்.

இந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தில் 2018இல் 12ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி, 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறில், தடையாணை போன்ற அவசரத் தேவை இல்லையென்றால், சமரசத்துக்கு முயலாமல் வழக்கே தொடுக்க முடியாது. இது கட்டாயம் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமரசத்தில் செலவாகும் நாட்கள் வழக்குக்கான காலக்கெடுவில் சேராது.

எனக்கு வியப்பு, சமரச அறைக்குள் நடப்பதில்தான். மத்தியஸ்தர் முதலில் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசுவார். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியே. பெட்டிக்காரர் மனக்கணக்கு: இந்த மாதமே கைக்கு வந்தால் நாலரை லட்சம் போதும். கம்பெனியின் கணக்கு: ஐந்து வரை கொடுத்து வம்பை முடிக்கலாம். முதலில் வாய் திறப்பவருக்கு நஷ்டம் என்பதால் இருவருமே சொல்வதில்லை. உடன்பாடு ஏற்கெனவே இருக்கிறது, இருப்பது அவர்களுக்குத்தான் தெரியாது! தனியே சொன்னதை அனுமதியில்லாமல் மறுபக்கம் சொல்லக்கூடாது என்பது மத்தியஸ்தருக்கு விதி. ரகசியத்தைக் காத்துக்கொண்டே இருவரையும் அந்த ஐம்பதாயிரம் ரூபாய் இடைவெளிக்குள் கொண்டுவருவதுதான் அவர் வித்தை. அங்கே பேசியது எதுவும் பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது.

யார் பக்கம் நியாயம், எவ்வளவு தரவேண்டும் என்றுதான் நீதிபதி தீர்ப்பெழுதலாம். "ஈரம் ஏறாத பெட்டியாகச் செய்து கொடு, நீயும் அடுத்த வருடம் இவரிடமே வாங்கு" என்று ஆணையிட அவரால் முடியாது. சமரச ஒப்பந்தத்தில் அதையும் எழுதிக்கொள்ளலாம். கையெழுத்தானால் அது நடுவர் தீர்ப்புக்குச் சமம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் சமரச மையம் வந்தது. பெங்களூரு மையம் 2007 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. அது இருக்கும் எச். சித்தையா சாலை 'நியாய தேகுல' கட்டடம் நீலசந்திராவிலிருந்து அதிக தூரமில்லை.

எதிர்த்தரப்பு வராமலே இருந்துவிடலாம், அதுதான் இதிலுள்ள பலவீனம். அப்போது சமரசம் தொடங்கவில்லை என்று அறிக்கை கிடைக்கும். அதோடு நீதிமன்றம் போகலாம். ஆகவே, "அந்தக் கம்பெனியோடு இனியும் வியாபாரம் உண்டா?" என்று முதலில் கேட்டு, எதிர்த்தரப்புக்கு அனுப்பும் நோட்டீஸின் தொனியை அதற்கேற்ப அமைக்கும் வக்கீலையே நான் தேடச் சொல்வேன். சமரசத்துக்குப் போகும்போது பில், டெலிவரி சலான், ஈரம் என்று புகார் வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாம் கையில் இருக்கட்டும். கணக்குப்பிள்ளையை அனுப்பாமல், தொகையை அங்கேயே முடிவு செய்யக்கூடிய முதலாளியே நேரில் போகவேண்டும்.