கேமரா ஷட்டர் ஒட்டிக்கொண்டதா? திருப்புளியை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்!

இந்த முறை அறிவியல் பக்கத்தில் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போமா?

இப்போ நம்ம வகுப்புகளில் ஒரு புது ஆசை கிளம்பியிருக்கு. அப்பாவோ மாமாவோ 2004, 2005-ல் வாங்கிய பழைய டிஜிட்டல் கேமராவை பீரோவுக்குள் தேடி எடுத்து வர்றாங்க. செல்போனில் வராத ஒரு நிறம் அதில் வருதாம்! ஆனால் ஆன் செய்து ஒரு படம் எடுத்தால், சிலருக்கு ஒரே கறுப்பு. சிலருக்கு ஒரே வெள்ளை. உடனே "ஷட்டர் ஒட்டிக்கிச்சுடா" என்று முடிவு கட்டிவிட்டு, பொடித் திருப்புளியைத் தேட ஆரம்பிச்சிடறாங்க. அந்தத் திருப்புளியைக் கொஞ்சம் கீழே வையுங்க. காரணம் பின்னால் வருது.

முதலில் செய்ய வேண்டியது ஷட்டர் வேலையே இல்லை. உள்ளே இருக்கும் மெமரி கார்டை வெளியே எடுத்து, அதிலுள்ள படங்களை ஒரு கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துங்க. இருபது வருஷத்துக்கு முந்தைய வீட்டு விசேஷங்கள், இப்போ இல்லாத தாத்தா பாட்டி படங்கள் அதில் இருக்கலாம். கேமரா போனால் இன்னொன்று கிடைக்கும். சோதனைக்கு வேறு கார்டு போடுங்க. ஆனால் அக்காலத்து எஸ்.டி. கார்டு கேமராக்களில் பல 2 ஜி.பி.க்கு மேல் உள்ள கார்டை ஏற்காது. 32 ஜி.பி. கார்டைச் செருகிவிட்டு "எரர் காட்டுதே" என்று ஷட்டரைத் திட்டக் கூடாது!

சரி, ஷட்டர் என்றால் எது? கேமராவை ஆன் செய்ததும் லென்சுக்கு முன்னால் இரண்டு இதழ்கள் விரியுமே, அதைத்தான் பலர் ஷட்டர் என்கிறார்கள். அது வெறும் மூடி, தூசிக்காக வைத்தது. கடற்கரை டூர் போய் வந்த கேமராவில் மணல் புகுந்து மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த மூடிதான். அது பாதி திறந்து நின்றால் படத்தின் மூலையோ ஓரமோ கறுப்பாக இருக்கும். லென்சைக் கீழ்நோக்கிப் பிடித்து, மென்மையான, ஈரமில்லாத பிரஷ்ஷால் துடைத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். வாயால் ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும்.

உண்மையான ஷட்டர் லென்சின் நடுவே, கண்ணாடிகளுக்கு இடையில் உட்கார்ந்திருக்கு. நகத்தைவிட மெல்லிய இரண்டு கறுப்புத் தகடுகள். அவற்றை அசைக்க ஒரு குட்டி மின்காந்தம். அவ்வளவுதான்.

இது வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேடிக்கையானது. பழைய ஃபிலிம் கேமராவில் ஷட்டர் எப்போதும் மூடியே இருக்கும், பட்டனை அழுத்தினால்தான் திறக்கும். இந்த டிஜிட்டல் கேமராவில் தலைகீழ்! பின்புறத் திரையில் காட்சி தெரிய வேண்டுமே, அதனால் தகடுகள் திறந்தே இருக்கும். நாம் பட்டனை அழுத்தியதும் உள்ளே இருக்கும் சி.சி.டி. என்ற சில்லு, அதுவரை சேர்ந்த ஒளியைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கும். தேவையான நேரம் முடிந்ததும் தகடுகள் 'டக்' என்று மூடும். அந்த இருட்டில் சி.சி.டி. தன் கணக்கை வரிசை வரிசையாக வாசித்து அனுப்பும்.

ஏன் இருட்டு வேண்டும்? மழை எவ்வளவு பெய்தது என்று பார்க்க முற்றத்தில் வரிசையாக டம்ளர் வைத்திருக்கீங்க என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டம்ளராகக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய் அளக்கணும். கைமாறும்போதும் மேலே மழை கொட்டிக்கொண்டே இருந்தால் அளவு என்னாகும்? அதேதான். தகடுகள் மூடாவிட்டால், வாசிக்கும் நேரத்திலும் வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கும். படம் வெளுத்துப் போகும். விளக்கு, சூரிய வெளிச்சம் பட்ட இடங்களில் நீளமாகக் கோடுகள் இழுத்திருக்கும்.

இது புரிந்துவிட்டால் போதும், எங்கே கோளாறு என்று படமே சொல்லிவிடும்.

வீட்டுக்குள் எடுத்தால் நல்லா வருது, மைதானத்து வெயிலில் எடுத்தால் மட்டும் வெள்ளையடித்த சுவர் மாதிரி வருதா? அது தகடுகள் மெதுவாக மூடுவதன் அடையாளம். அறைக்குள் வெளிச்சம் குறைவு, அதனால் 1/30 வினாடி திறந்திருக்கலாம். தகடு கொஞ்சம் தாமதமானாலும் தெரியாது. வெயிலில் 1/1000 வினாடிதான் கெடு. அதே தாமதம் அங்கே பல மடங்கு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஆனால் இந்த முடிவுக்கு வரும் முன் மெனுவில் எக்ஸ்போஷர் அளவை யாராவது +2 என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்க. தம்பி தங்கை உள்ள வீடுகளில் இதுக்கு வாய்ப்பு அதிகம்!

திரை ஒரே கறுப்பா? மெனு தெரிகிறதா, பழைய படங்கள் ஓடுகிறதா என்று பாருங்க. தெரிந்தால் திரை நல்லாத்தான் இருக்கு. ஒன்று தகடுகள் மூடியபடியே ஒட்டியிருக்கும், இல்லையென்றால் சி.சி.டி.யே செத்திருக்கும். இரண்டாவது காரணத்தை லேசாக நினைக்காதீங்க. 2005-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் தான் தயாரித்த சில சி.சி.டி.களில் குறை இருப்பதாக அறிவித்தது. அந்தச் சில்லுகளை வாங்கிப் பொருத்தியிருந்த கேனான், நிக்கான், ஃபியூஜிஃபிலிம் போன்ற நிறுவனங்களும் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டன. சூடும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் இந்தக் குறை சீக்கிரம் தலைகாட்டியது. நம்ம ஊர் எப்படி என்று சொல்லவே வேண்டாம்! அப்படிப்பட்ட கேமராவில் படம் கறுப்பாகவோ, ஊதா நிறக் கோடுகளோடு குழம்பியோ வரும். அப்போ இலவசமாக மாற்றித் தந்தார்கள். இன்று அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க நம் கண்ணே போதும். ஃபிளாஷை அணைத்துவிடுங்க. மெனுவில் ஒலியையும் அணைத்துவிடுங்க, ஏன்னா நாம் கேட்கும் அந்த 'கிளிக்' பல கேமராக்களில் குட்டி ஸ்பீக்கர் போடும் சத்தம்தான், ஷட்டர் சத்தமே இல்லை! இப்போ நல்ல வெளிச்சத்தில் லென்சுக்குள் பார்த்தபடி பட்டனை அழுத்துங்க. நடுவில் உள்ள சின்ன ஓட்டை கண் இமைப்பது போல் மூடித் திறந்தால் ஷட்டர் நலம், சி.சி.டி.யைத்தான் சந்தேகப்படணும். எப்போதும் மூடியே இருந்தால் அல்லது அசையவே இல்லை என்றால், ஆமாம், ஒட்டித்தான் போச்சு.

(தோளில் தொங்கும் பெரிய எஸ்.எல்.ஆர். கேமரா கதை வேறு. அதில் ஷட்டர், சில்லுக்கு நேர் முன்னால் திரைச்சீலை மாதிரி இருக்கும். மாட்டிக்கொண்டால் படத்தின் ஒரு பக்கம் கூர்மையான கறுப்புப் பட்டை விழும். அந்தத் திரையை விரலால் தொட்டுப் பார்க்க ஆசைப்படாதீங்க. தொட்டால் வளைந்துவிடும்.)

எதனால் ஒட்டுகிறது? லென்சை முன்னும் பின்னும் நகர்த்தும் பாகங்களில் போட்ட எண்ணெய்ப் பசை நாளாவட்டத்தில் கசிந்து தகடுகளில் படியும். அதில் தூசி சேரும். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தால் இறுகிவிடும். அதனால்தான் "ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடேன்" என்ற யோசனை ஆபத்தானது. எண்ணெய்தானே இங்கே வியாதி! தகடுகள் முழுக்கக் காய்ந்து இருந்தால்தான் வேகமாக ஓடும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அதுவே பல கேமராக்களை எழுப்பிவிடும். புது அல்கலைன் பென்டார்ச் செல் போடுங்க. செல் வலுவில்லாமல் இருந்தால் அந்தக் குட்டி மின்காந்தமும் வலுவிழக்கும். செல் வைக்கும் இடத்தில் பச்சை, வெள்ளைப் பூ பூத்திருந்தால் உலர்ந்த பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்க. பிறகு கேமராவைக் கால் மணி நேரம் கைகளுக்குள் பொத்தி வைத்திருங்க. உடம்புச் சூடு போதும், அடுப்பு, அயர்ன் பாக்ஸ் பக்கம் போக வேண்டாம். அதன்பின் வெளியே போய், ஃபிளாஷ் இல்லாமல் முப்பது நாற்பது படம் சும்மா தட்டுங்க. அசையவில்லை என்றால், ஆன் செய்த நிலையில் கேமராவின் பக்கவாட்டை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டியபடி அழுத்திப் பாருங்க. பழைய ரேடியோவைத் தட்டுவது மாதிரிதான். எழுந்து வரும், ஆனால் பசை உள்ளேயேதான் இருக்கு. நாலு மாதம் பீரோவில் வைத்தால் மறுபடி ஒட்டும். அதனால் அடிக்கடி எடுத்துப் படம் பிடிப்பதே நல்லது.

இப்போது திருப்புளி விஷயம். செல்லின் வலு வெறும் 3 வோல்ட்தானே, அதில் என்ன ஷாக் என்று நினைக்கிறோம். ஃபிளாஷ் தயாராகும்போது 'ங்ஙீ...' என்று மெலிசாக ஒரு சத்தம் வருமே, கேட்டிருக்கீங்களா? உள்ளே உள்ள சுற்று அந்த 3 வோல்ட்டைச் சுமார் 300 வோல்ட்டாக உயர்த்தி ஒரு மின்தேக்கியில் சேர்த்து வைக்கும் சத்தம் அது. கண்டன்சர் என்போமே, அதேதான். நம் வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட்டைவிட அதிகம்! 100 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டு, பிளஸ் டூ அண்ணன்கள் படிக்கும் ½CV² கணக்கைப் போட்டால் 4.5 ஜூல் வருது. செல்லைக் கழற்றிய பிறகும் இந்தச் சார்ஜ் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில்கூட அப்படியே நிற்கும். குட்டி கேமராவில் இந்த மின்தேக்கி பெரும்பாலும் மூடியைக் கழற்றியதும் விரல் படும் இடத்திலேயே இருக்கும். தொட்டால் கை உதறும், விரல் சுடும், இதய நோய் உள்ளவர்களுக்கு அதைவிட மோசம். திருப்புளியால் இரண்டு முனைகளையும் ஒட்டிச் சார்ஜை இறக்குவதும் கூடாது. பெரிய தீப்பொறி பறக்கும், சர்க்யூட் போர்டும் போகும். அதனால் மூடியைத் திறப்பது மெக்கானிக் வேலை. ஆசையாக இருந்தால் பக்கத்தில் நின்று வேடிக்கை பாருங்க.

மெக்கானிக் லென்ஸ் பகுதியைப் பிரித்து, தகடுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்ற, சீக்கிரம் ஆவியாகும் திரவத்தால் துடைப்பார். அல்லது வேறொரு செத்த கேமராவிலிருந்து லென்ஸ் தொகுதியையே எடுத்து மாட்டுவார். கொடுக்கும்போது "ஓடலை" என்று மட்டும் சொல்லாதீங்க. "வெயிலில் மட்டும் வெள்ளையாகுது, உள்ளே நல்லா இருக்கு" என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். கூலி எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கோங்க. மெமரி கார்டை மறக்காமல் கழற்றி வைத்துக்கொண்டு கேமராவை மட்டும் கொடுங்க.