ஒரு மீனுக்கு ஒரு பக்கம்

ஜார்ஜ்டவுனில் உள்ள சௌராஸ்தா சந்தையில் ஒரே மீனைப் பலர் பல பெயர்களில் கேட்பர். ஒருவர் ‘சியாகாப்’ என்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் அதையே ‘கொடுவா’ என்பார். சீனப் பாட்டி தம் ஹொக்கியன் பெயரைச் சொல்வார். மூவருக்கும் கடைக்காரர் ஒரே மீனைத்தான் எடுத்து நிறுத்துத் தருவார். சந்தையில் இதனால் சிக்கல் ஏதும் இல்லை. விரலை நீட்டி மீனைக் காட்டிவிடலாம். ஆனால், மீன்களைப் பற்றி ஓர் இணையத்தளம் அமைப்பவரால் விரலை நீட்ட முடியாது. படிப்பவர் எந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தாலும் சரியான மீனிடம் அவரைக் கொண்டு சேர்க்க வேண்டும். மீன் வளர்ப்பில் ஆர்வம் கொண்ட பலர் இத்தகைய தளங்களைப் பொழுதுபோக்காக அமைக்கின்றனர். அவர்கள் முதலில் எதிர்கொள்ளும் வேலை நிறத்தையோ அழகையோ தேர்ந்தெடுப்பதன்று. ஒரு மீனைப் பற்றிய செய்திகளை எந்த வரிசையில் வைப்பது என்பதே அந்த வேலை.

இந்த வேலையை உலக அளவில் செய்து காட்டியது ‘ஃபிஷ்பேஸ்’ என்னும் தரவுத்தளம். டேனியல் பாலி, ரெய்னர் ஃப்ரோசே ஆகிய இரு மீன்வள ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் இதற்கு அடித்தளமிட்டனர். அப்போது பாலி மணிலாவில் இருந்த அனைத்துலக மீன்வள ஆய்வு மையம் ஒன்றில் பணியாற்றினார். ஃபிஷ்பேஸ் தொடக்கத்தில் குறுவட்டாக வெளிவந்தது. 1996இல் இணையத்தில் ஏறியது. இன்று அதில் 35,000க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் உள்ளன. அந்த இனங்களுக்கு உலக மொழிகளில் வழங்கும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களும் தொகுக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பெயர்களும் அவற்றுள் அடங்கும். ஃபிஷ்பேஸ் பணிக்குழு பிலிப்பைன்ஸிலேயே தொடர்ந்து இயங்குகிறது. ஆனால், அதை ஈன்றெடுத்த மணிலா மையம் பின்னர்ப் பினாங்குக்கு இடம்பெயர்ந்தது. ‘வோர்ல்ட்ஃபிஷ்’ என்னும் பெயரில் பாயான் லெப்பாஸ் அருகே பத்து மாவுங்கில் அதன் தலைமையகம் அமைந்தது. பினாங்குப் பாலம் கடந்து விமான நிலையம் செல்வோரில் பலர் இதை அறியார்.

ஃபிஷ்பேஸில் எந்த மீனின் பக்கத்தைத் திறந்தாலும் அமைப்பு ஒன்றாகவே இருக்கும். மேலே பெயரும் படமும் இருக்கும். அடுத்து வகைப்பாடு, வாழிடம், பரவல், அளவு, உடல் அடையாளம், வாழ்க்கை முறை, மனிதருக்குப் பயன், ஆபத்து எனக் கட்டங்கள் வரிசையாக வரும். நெத்திலியானாலும் சுறாவானாலும் வரிசை மாறாது. முதல் பக்கத்தைப் பார்த்துப் பழகிய ஒருவர் ஆயிரமாவது பக்கத்திலும் தமக்கு வேண்டியதைத் தேடாமல் கண்டுகொள்வார். பொழுதுபோக்காகத் தளம் அமைப்பவர்கள் இங்குத்தான் தடுக்கி விழுகிறார்கள். தமக்குப் பிடித்த மீனுக்கு மூன்று பக்கமும் பிடிக்காத மீனுக்கு மூன்று வரியும் எழுதுகிறார்கள். ஒரு பக்கத்தில் அளவு மேலே இருக்கும், இன்னொன்றில் கீழே இருக்கும். கட்டங்களை முதலில் வரைந்துகொண்டு அதன் பிறகு மீன்களை நிரப்புவதே எளிது.

முதல் கட்டத்தில் வருவது பெயர். பினாங்கின் பெயரையே தாங்கிய ஒரு சிறு மீனைக் கொண்டு இதை விளக்கலாம். விரல் நீளமே உள்ள அந்த மீன், குன்றுகளிலிருந்து இறங்கும் தெளிந்த ஓடைகளில் வாழ்கிறது. ஆங்கிலத்தில் அதைப் ‘பினாங்கு பெட்டா’ என்பர். அதன் அறிவியல் பெயர் ‘பெட்டா பக்னாக்ஸ்’. பக்கத்தில் அப்பெயரை அடுத்து ‘(கேன்டர், 1849)’ என்று இருக்கும். இந்தச் சிறு குறிப்பைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகின்றனர். அதற்குள் ஒரு கதை இருக்கிறது.

தியோடர் கேன்டர் டென்மார்க் நாட்டு மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் பினாங்கில் இருந்தபோது இப்பகுதியின் விலங்குகளைச் சேகரித்து ஆராய்ந்தார். மலாயா மீன்களைப் பற்றிய அவருடைய பட்டியல் 1849இல் வெளிவந்தது. அதில்தான் பினாங்கு மீனுக்கு அவர் ‘மேக்ரோபோடஸ் பக்னாக்ஸ்’ என்று பெயரிட்டார். ‘பக்னாக்ஸ்’ என்றால் இலத்தீன் மொழியில் ‘சண்டையிடும் இயல்புடையது’ என்று பொருள். அடுத்த ஆண்டே டச்சு ஆய்வாளர் பீட்டர் பிளீக்கர் ‘பெட்டா’ என்னும் புதிய பேரினத்தை அமைத்தார். பினாங்கு மீன் பிற்பாடு அந்தப் பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டது. இவ்வாறு பேரினம் மாறினால் முதலில் பெயரிட்டவரின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடும் விதி. ஆகவே, அந்த அடைப்புக்குறியை அலங்காரமாக எண்ணக்கூடாது. ‘இந்த மீன் ஒரு காலத்தில் வேறு பெயரில் இருந்தது’ என்று அது சொல்கிறது. தளம் அமைப்பவர் அழகுக்காக அதை நீக்கினாலும், எல்லா மீன்களுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சேர்த்தாலும் செய்தி பிழையாகிவிடும்.

இதன் தொடர்ச்சியும் சுவையானது. சயாமில் பந்தயச் சண்டைக்கு வளர்க்கப்பட்ட மீனும் நெடுங்காலம் இந்தப் ‘பக்னாக்ஸ்’ பெயரோடு சேர்த்தே எண்ணப்பட்டது. 1910இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் சார்ல்ஸ் டேட் ரீகன் அதைத் தனி இனமாகப் பிரித்து ‘பெட்டா ஸ்ப்லெண்டன்ஸ்’ என்று பெயரிட்டார். கடைகளில் சிறு போத்தல்களில் விற்கப்படும் வண்ணமயமான சண்டை மீன் அதுவே. அதன் பக்கத்தில் ‘ரீகன், 1910’ என்று அடைப்புக்குறி இல்லாமல் இருக்கும். ஏனெனில் அதன் பேரினம் மாறவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதினால் என்ன கெட்டுவிடும்? ஸ்ப்லெண்டன்ஸ் ஆண் நீர்ப்பரப்பில் குமிழிகளால் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். பினாங்கு பெட்டா அப்படிச் செய்வதில்லை. அதன் ஆண் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்துப் பல நாள் காக்கும். ஒன்றின் பக்கத்தைப் படித்துவிட்டு மற்றொன்றை வளர்ப்பவர், குமிழிக் கூட்டுக்காகக் காத்திருந்து ஏமாறுவார். வாயில் முட்டை சுமக்கும் ஆண் மீன் இரை எடுப்பதில்லை. அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவரும் உண்டாகலாம்.

மீன் பெயர்களின் அடைப்புக்குறிகளுக்குள் தமிழகக் கடற்கரையும் ஒளிந்திருக்கிறது. மீன் தலைக் கறிக்குப் பினாங்கில் விரும்பி வாங்கப்படும் ‘ஜெனாஹாக்’ மீனின் அறிவியல் பெயர் ‘லுட்ஜானஸ் ஜோனியை (புளோக், 1792)’. புளோக் பெர்லின் நகர மருத்துவர். அவருக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்களை அனுப்பி வைத்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜோன் என்னும் சமயப் பணியாளர். அவருடைய பெயரே அந்த மீனுக்குச் சூட்டப்பட்டது.

பெயருக்கு அடுத்தது படம். மீனியல் நூல்களில் மீனின் தலை இடப்பக்கம் நோக்கி இருப்பது நெடுநாள் மரபு. எல்லாப் படங்களும் ஒரே திசை நோக்கி இருந்தால்தான் இரு மீன்களின் துடுப்பையும் வாலையும் கண்ணால் ஒப்பிட முடியும். வலப்பக்கம் எடுத்த படத்தைக் கணினியில் புரட்டிவிடலாமே என்று தோன்றலாம். தட்டையான நாக்கு மீனைப் புரட்டினால் அதன் இரு கண்களும் தவறான பக்கத்துக்குப் போய்விடும். ஆகவே, புரட்டாமல் மீண்டும் படம் எடுப்பதே முறை. இறந்த மீனின் நிறம் விரைவில் மங்கும் என்பதால் உயிருள்ள மீனின் படம் வேண்டும். ஆண், பெண், குஞ்சு மூன்றும் வெவ்வேறு தோற்றம் கொண்டிருந்தால் மூன்று படங்கள் வேண்டும்.

குஞ்சின் படத்தை ஏன் விடக்கூடாது என்பதற்குத் தோமான் மீன் தக்க சான்று. விரால் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மீன் குஞ்சாக இருக்கும்போது கருப்புப் பட்டைகளுக்கு நடுவே செம்மஞ்சள் கோடு ஓட, பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும். விரல் அளவுக் குஞ்சுகளைக் கண்டு மயங்கிச் சிறு தொட்டிக்கு வாங்கிச் செல்வோர் உண்டு. வளர்ந்த தோமான் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். உடன் இருக்கும் மீன்களை விழுங்கும். தொட்டி போதாமல் போனபின் பலர் அதை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். ஆகவே, வளர்ப்பாளருக்கான பக்கத்தில் உச்ச அளவு அடியில் எங்கோ ஒதுங்கிக் கிடக்கக்கூடாது. குஞ்சின் படத்துக்குப் பக்கத்திலேயே அது கண்ணில் பட வேண்டும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதும் தெளிவாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வாலின் நுனிவரை அளப்பது முழு நீளம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் வால் துடுப்பை விட்டுவிட்டு அளப்பர். துடுப்பு கிழிந்து போகக்கூடியது என்பதே காரணம். இரண்டையும் வேறுபடுத்தாமல் வெறும் ‘7 சென்டிமீட்டர்’ என்று எழுதினால் ஒப்பிட முடியாது.

வேற்று நாட்டு மீனை ஆற்றில் விடுவதால் வரும் கேட்டுக்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்பதற்காக வாங்கப்பட்ட தென் அமெரிக்க மீன் ஒன்று இங்கு ‘இக்கான் பண்டாராயா’ எனப்படுகிறது. மாநகரைத் துப்புரவு செய்வதுபோல் தொட்டியைத் துப்புரவு செய்வதால் அந்தப் பெயர். இன்று அது கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது.

வாழ்க்கை முறை என்னும் கட்டத்தில் கேள்விப்பட்டதும் கண்டதும் கலந்துவிடும். ‘புயு’ என மலாயிலும் ‘பனையேறிக் கெண்டை’ எனத் தமிழிலும் வழங்கும் மீனைப் பார்க்கலாம். 1791இல் தரங்கம்பாடியில் பனை மரத்தின் பட்டை இடுக்கில் இந்த மீனைக் கண்டதாக டால்டோர்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி அறிவித்தார். இந்த மீன் ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி நகரும் என்பது உண்மை. காற்றைச் சுவாசிக்கும் என்பதும் உண்மை. மரத்தில் ஏறும் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. காகமோ பருந்தோ கொத்திச் சென்று மரத்தில் விட்டிருக்கலாம் என்றே கருதினர். இவற்றை ஒரே மூச்சில் எழுதிவிட்டால் படிப்பவர் எதை நம்புவார்? ஃபிஷ்பேஸில் பெரும்பாலான கூற்றுகளை அடுத்து ஓர் எண் நிற்கும். அதைத் தட்டினால் அந்தச் செய்தி எந்த நூலிலிருந்து வந்தது என்பது தெரியும். வீட்டில் தளம் அமைப்பவரும் இதைச் செய்யலாம். தம் தொட்டியில் தாமே கண்டதாயின், கண்ட நாளைக் குறித்தால் போதும்.

பரவல் என்னும் கட்டத்துக்கு வரைபடம் அழகு சேர்க்கும். ஆனால், சில மீன்களுக்கு வரைபடமே பகையாகும். கெலிசா மீன் அத்தகையது. அதன் பொன்னிற வகைக்குப் பேராக்கின் புக்கிட் மேரா ஏரி பெயர் பெற்றது. செல்வம் தரும் என்னும் நம்பிக்கையால் இந்த மீனுக்குப் பெருந்தொகை கொடுப்போர் உள்ளனர். அழிவுறும் நிலையில் உள்ள இனமாதலால், அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய அனைத்துலக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. காட்டு நீர்நிலைகளில் பிடித்து விற்பதை அந்த உடன்படிக்கை தடுக்கிறது. பதிவு பெற்ற பண்ணைகளில் பிறந்த மீன்களுக்கு மட்டுமே வழி உண்டு. இத்தகைய மீன் எந்த ஓடையின் எந்த வளைவில் காணப்பட்டது என்று பக்கத்தில் குறிப்பது, திருட்டுத்தனமாகப் பிடிப்பவருக்கு வழி காட்டுவதாகும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக் குறிப்பு மறைந்திருக்கும். அதையும் நீக்கிய பின்னரே படத்தை ஏற்ற வேண்டும். மாநிலத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது போதும்.

தமிழில் பக்கம் அமைப்பவருக்கு வேறு சில வேலைகளும் உண்டு. விரால், வரால், விறால் என மூவகையாகவும் எழுதுவோர் இருக்கின்றனர். தலைப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் ‘பிற பெயர்கள்’ என்னும் வரியில் சேர்த்தால்தான் தேடுபொறி அவர்களை அங்குக் கொண்டு வரும். ‘ஹாருவான்’ என்னும் மலாய்ப் பெயரும் அதே வரியில் இருக்க வேண்டும். அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒருவர் ‘சன்னா’ என்பார், மற்றவர் ‘கன்னா’ என்பார். ஆகவே, இலத்தீன் எழுத்திலும் சாய்வாக அதைத் தருவது வழக்கம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளந்து செய்த குறுகிய கட்டத்தில் ‘நன்னீர்வாழ் உயிரினம்’ என்பது மூன்று வரியாக உடையும். பலரும் கைப்பேசியில் படிப்பதால் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் கட்டங்களே பொருந்தும். பக்கவாட்டில் விரியும் அட்டவணை பாதி மறைந்துபோகும்.

பினாங்கு பெட்டாவின் பக்கத்தை நிரப்பத் தொடங்குபவர் ‘தமிழ்ப் பெயர்’ என்னும் கட்டத்தில் வந்து நிற்பார். மீனவர் வலையில் விழாத, சந்தைக்கு வராத இந்த ஓடை மீனுக்கு மக்கள் வழங்கும் பெயரைத் தேட வேண்டியிருக்கும். தாமே ஒரு பெயரைப் புனைந்து எழுதிவிட்டால் அது பிற தளங்களுக்குப் பரவி, சில ஆண்டுகளில் பழம்பெயர் போலாகிவிடும். அதனால், பெயர் கிடைக்கும்வரை அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இடப்படுகிறது.